சென்னையில் வாடகை வீடு: வாசகர் கேள்விகளும் பதில்களும்

பள்ளித் தேர்வுகள் முடிந்து கோடை விடுமுறை தொடங்கும்போது, வெளியூர் வாசகர்களிடமிருந்து ஒரே கவலையைச் சொல்லும் கடிதங்கள் நிறைய வருகின்றன. சென்னையில் வேலை கிடைத்திருக்கிறது, எங்கள் வருமானத்துக்குள் குடியிருக்க ஒரு வீட்டை எப்படிக் கண்டுபிடிப்பது என்பதே அந்தக் கவலை. இந்த இதழில் அக்கடிதங்களுக்கு மட்டும் பதில் எழுதுகிறேன். கேட்டவர்களின் பெயர்களைத் தவிர்த்து ஊரை மட்டும் குறிப்பிட்டிருக்கிறேன். எல்லாக் கடிதங்களுக்கும் பொதுவான ஒன்றை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். முன்பணம் கைமாறும் வரைதான் வாடகைக்கு வருபவரின் சொல்லுக்கு எடை உண்டு. அதற்குப் பிறகு அவர் கேட்பதெல்லாம் வேண்டுகோளாகிவிடுகிறது. எனவே பார்க்க வேண்டியதையும் கேட்க வேண்டியதையும் எழுதி வாங்க வேண்டியதையும் அதற்கு முன்பே முடித்துக்கொள்ள வேண்டும்.

கேள்வி: கிண்டியில் உள்ள ஒரு நிறுவனத்தில் எனக்கு வேலை உறுதியாகியிருக்கிறது. பிடித்தம் போக மாதம் 36,000 ரூபாய் கைக்கு வரும். மனைவியுடனும் மூன்று வயது மகளுடனும் குடியேற வேண்டும். சேமிப்பு ஒரு லட்சம் ரூபாய் இருக்கிறது. கூடுவாஞ்சேரியில் 8,000 ரூபாய்க்கு வீடு கிடைக்கும் என்கிறார் உறவினர். அவ்வளவு தூரம் வேண்டாம், குரோம்பேட்டைக்குள் பாருங்கள் என்கிறார்கள் உடன் பணிபுரியப் போகிறவர்கள். யார் சொல்வதைக் கேட்பது?
வாசகர், தென்காசி

பதில்: இருவர் சொல்வதிலும் பாதி கணக்குதான் இருக்கிறது. மாத வாடகை, பராமரிப்புக் கட்டணம், தண்ணீர், மின்சாரம், வேலைக்குப் போய்வரும் செலவு ஆகிய ஐந்தையும் கூட்டி வரும் தொகையே ஒரு வீட்டின் உண்மையான விலை. உங்கள் வருமானத்தில் அந்தக் கூட்டுத்தொகை மூன்றில் ஒரு பங்கான 12,000 ரூபாயைத் தாண்டாமல் இருப்பது நல்லது என்று கருதுகிறேன். சிறு குழந்தை இருக்கும் வீட்டில் மருத்துவச் செலவு சொல்லிக்கொண்டு வருவதில்லை.

உங்கள் பணியிடம் கிண்டியில் அமைந்திருப்பது பெரிய அனுகூலம். கடற்கரையிலிருந்து தாம்பரம் வழியாகச் செங்கல்பட்டு செல்லும் மின்சார ரயில் பாதையில் கிண்டி இருக்கிறது. விமான நிலையம் செல்லும் மெட்ரோவும் அங்கே நிற்கிறது. உங்களுக்கு மின்சார ரயிலின் மாதச் சீசன் டிக்கெட்டைவிட மலிவான பயணம் இந்த நகரில் வேறு இல்லை. எனவே பேட்டைகளின் பெயர்களை வைத்துத் தேடாமல், இந்தப் பாதையின் நிலையங்களை வைத்துத் தேடுங்கள்: பழவந்தாங்கல், பல்லாவரம், குரோம்பேட்டை, தாம்பரம் சானடோரியம், தாம்பரம், பெருங்களத்தூர், வண்டலூர், ஊரப்பாக்கம், கூடுவாஞ்சேரி. இவற்றில் தாம்பரம் ஓர் எல்லைக்கோடு. கடற்கரையிலிருந்து புறப்படும் வண்டிகளில் பல தாம்பரத்தோடு நின்றுவிடுகின்றன. அதற்கு அப்பால் செல்பவை குறைவு. தாம்பரத்துக்கு இந்தப் பக்கம் ஒரு வண்டியைத் தவறவிட்டால் சிறிது நேரம் காத்திருந்தால் போதும், அந்தப் பக்கம் தவறவிட்டால் அன்றைய காலை நேரமே குலைந்துபோகும். வீட்டு விளம்பரங்களில் 'விரைவில் மெட்ரோ வரவிருக்கும் பகுதி' என்ற சொற்றொடரும் அடிக்கடி தென்படும். இன்று ஓடும் ரயிலுக்கு மட்டும் வாடகை கொடுங்கள்.

மின்சாரத்தையும் ரயில் சீசன் டிக்கெட்டையும் இரண்டு பக்கத்திலும் விட்டுவிட்டு, உதாரணத்துக்கு ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். குரோம்பேட்டையில் நிலையத்துக்கு நடந்து செல்லும் தொலைவில் 11,000 ரூபாய் வாடகைக்கு ஒரு வீடு, பராமரிப்புக்கு 500 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். கூடுவாஞ்சேரியில் உங்கள் உறவினர் சொல்லும் 8,000 ரூபாய் வீடு நிலையத்திலிருந்து மூன்று கிலோமீட்டர் உள்ளே இருக்கிறது என்று கொள்வோம்; அந்த வாடகைக்குக் கிடைப்பவை பெரும்பாலும் அப்படித்தான் இருக்கும். ஷேர் ஆட்டோவுக்குப் போக 20, வர 20 என்றால் 25 வேலைநாட்களுக்கு 1,000 ரூபாய் ஆகிறது. கோடையில் தண்ணீர் லாரிக்கு உங்கள் பங்கு 700 ரூபாய் என்றால், அந்த வீட்டின் விலை 9,700 ரூபாய். 3,000 ரூபாயாகத் தெரிந்த வேறுபாடு 1,800 ரூபாயாகச் சுருங்கிவிட்டது. அதற்கு ஈடாக நாள்தோறும் ஒரு மணி நேரத்துக்கும் மேலான கூடுதல் பயணத்தை ஏற்றுக்கொள்கிறீர்கள். மாதத்துக்கு ஏறக்குறைய 30 மணி நேரம். அந்த நேரம் முழுவதும் உங்கள் மனைவி புதிய ஊரில் குழந்தையுடன் தனியாக இருக்க நேரும். கூடுவாஞ்சேரியிலேயே நிலையத்துக்கு அருகில் வீடு கிடைத்தால் கணக்கு மாறும் என்பதையும் மறுக்கவில்லை. நீங்கள் விவரித்த நிலையில் இருப்பவருக்குத் தாம்பரம் வரையிலான பகுதியே பொருந்தும் என்பது என் முடிவு.

இனித் தண்ணீரைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனெனில் தென்காசியிலிருந்து வரும் ஒருவருக்கு இது கேட்கத் தோன்றாத கேள்வி. சென்னையில் ஒரு வீட்டைப் பார்க்கும்போது 'தண்ணீர் வசதி இருக்கிறதா' என்று கேட்டால், இருக்கிறது என்றுதான் எல்லோரும் சொல்வார்கள். குழாய் நீரா, போர் தண்ணீரா, லாரித் தண்ணீரா என்று பிரித்துக் கேளுங்கள். மோட்டார் போடும் நேரம் எது, போடுபவர் யார், மே மாதத்தில் போர் வற்றினால் லாரிக்கான செலவை யார் ஏற்பது என்பவற்றையும் கேளுங்கள். 2019ஆம் ஆண்டின் கோடையில் நகருக்கு நீர் தரும் ஏரிகள் வறண்டு, ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் தண்ணீர் கொண்டுவர வேண்டியிருந்தது. அத்தகைய ஆண்டு மறுபடியும் வந்தால் சம்ப்பின், அதாவது தரைக்கடியில் உள்ள தண்ணீர்த் தொட்டியின், கொள்ளளவே அந்தக் குடியிருப்பின் நிம்மதியை முடிவு செய்யும். குளியலறைக் குழாயின் வாயில் வெள்ளையாக உப்புப் படிந்திருந்தால் அந்தத் தண்ணீரில் பருப்பு வேகாது. குடிப்பதற்கும் சமைப்பதற்கும் கேன் தண்ணீர் வாங்க வேண்டிவரும், அந்தச் செலவையும் வாடகையோடு கூட்டிக்கொள்ளுங்கள்.

தண்ணீர் இல்லாமல் தவித்த இதே நகரம் தண்ணீரில் மூழ்கவும் செய்கிறது. 2015 டிசம்பரில் அடையாறு பெருகியபோது தாம்பரத்துக்கு மேற்கே முடிச்சூர், வரதராஜபுரம் பகுதிகளில் வீடுகளின் தரைத்தளம் மூழ்கியது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது வேளச்சேரி, பள்ளிக்கரணை, முடிச்சூர் ஆகிய இடங்களில் மக்கள் நாள்கணக்கில் வெளியே வர முடியாமல் தவித்தார்கள். ஒரே பகுதியில் ஒரு தெரு தப்பிக்க, அடுத்த தெரு மூழ்கும் என்பதால் பகுதியின் பெயரை மட்டும் வைத்து ஒதுக்கவும் முடியாது, ஏற்கவும் முடியாது. வீட்டின் தரை சாலையைவிட உயரமாக இருக்கிறதா என்று பாருங்கள். சாலையை மேலே மேலே போட்டதால் பல பழைய வீடுகள் பள்ளத்தில் போய்விட்டன. சுற்றுச்சுவரில் ஓர் அளவுக்குக் கீழே மட்டும் நிறம் மாறியிருந்தால் அது வெள்ளம் விட்டுச் சென்ற தடயமாக இருக்கலாம். வீட்டுக்காரரைக் கேட்பதைவிட, தெருமுனையில் இஸ்திரி வண்டி வைத்திருப்பவரை 2023இல் இங்கே தண்ணீர் எந்த அளவுக்கு நின்றது என்று கேளுங்கள். வாடகைக்கு விடுவதால் அவருக்கு வருமானம் எதுவும் இல்லை, ஆகவே உள்ளதைச் சொல்வார். காலியாக இருக்கும் வீடுகளையும் முதலில் அறிந்திருப்பவர்கள் அவரும், மளிகைக் கடைக்காரரும், பால் போடுபவரும்தான். கைப்பேசிச் செயலிகளில் ஏறாத வீடுகள், குறிப்பாக வீட்டுக்காரர் மேலே குடியிருந்துகொண்டு கீழே விடும் போர்ஷன்கள், இன்னமும் டூ-லெட் பலகையின் மூலமும் இத்தகைய மனிதர்களின் மூலமும்தான் கைமாறுகின்றன. அவற்றுக்குத் தரகுத்தொகையும் இல்லை. தரகர் மூலம் போனால் ஒரு மாத வாடகையைக் கேட்பது சென்னையில் வழக்கமாக இருக்கிறது; வீட்டைப் பார்க்கும் முன்பே தொகையைப் பேசி முடித்துக்கொள்ளுங்கள்.

குடும்பத்தை உடனே அழைத்து வராதீர்கள். முதல் மாதம் நீங்கள் மட்டும் வந்து பணியிடத்துக்கு அருகில் ஓர் ஆண்கள் விடுதியில் தங்கி, மாலை நேரங்களிலும் ஞாயிற்றுக்கிழமைகளிலும் தேடுங்கள். பகலில் பார்த்துப் பிடித்த வீட்டை இரவு எட்டு மணிக்கு மேல் ஒருமுறை போய்ப் பாருங்கள். நிலையத்திலிருந்து வரும் வழியில் விளக்கு எரிகிறதா, தெருவில் ஆள் நடமாட்டம் இருக்கிறதா என்பது அப்போதுதான் தெரியும். மே, ஜூன் மாதங்களில் பள்ளி திறப்பதை ஒட்டிப் பலரும் வீடு மாறுவதால் வாடகையில் பேரம் நடக்காது. ஆடியிலும் மார்கழியிலும் குடிபுகத் தயங்குபவர்கள் பலர் என்பதால், அந்த மாதங்களில் காலியான வீடு அப்படியே கிடக்கும். உங்கள் குடும்பத்துக்கு அந்தத் தயக்கம் இல்லையென்றால், ஆடி மாதம் முன்பணத்தைக் குறைத்துக் கேட்க மிகவும் ஏற்ற காலம்.

உங்கள் ஒரு லட்சம் ரூபாயைப் பொறுத்தவரை: 11,000 ரூபாய் வாடகையில் பத்து மாத முன்பணம் என்றால் 1,10,000 ரூபாய், அது உங்களால் இயலாது. ஐந்து மாதம் என்றால் 55,000, முதல் மாத வாடகை 11,000, தரகு 11,000 எனச் சேர்ந்து 77,000 ரூபாய் ஆகிறது. சாமான்களை ஏற்றிவரும் லாரியின் வாடகையும் குழந்தையின் பள்ளிச் சேர்க்கையும் போனால் கையில் ஒன்றும் மிஞ்சாது. எனவே மூன்று மாத முன்பணத்துக்கு இசையும் வீட்டுக்காரரைத் தேடுவதை, வாடகையில் 500 ரூபாய் குறைப்பதைவிட முக்கியமாகக் கருதுங்கள்.

கேள்வி: அண்ணா நகர் மேற்கில் ஒரு வீடு பிடித்திருக்கிறது. உரிமையாளர் பத்து மாத அட்வான்ஸ் கேட்கிறார். ஒப்பந்தம் எதுவும் வேண்டாம், நம்பிக்கைதான் முக்கியம் என்கிறார். காலி செய்யும்போது பெயின்ட் அடிக்க ஒரு மாத வாடகையைப் பிடித்துக்கொள்வாராம். சட்டம் என்ன சொல்கிறது?
வாசகி, திருச்சி

பதில்: சொத்து உரிமையாளர்கள், வாடகைதாரர்கள் ஆகியோரின் உரிமைகளையும் பொறுப்புகளையும் முறைப்படுத்தும் 2017ஆம் ஆண்டுச் சட்டம் தமிழ்நாட்டில் 2019 பிப்ரவரி 22 முதல் நடைமுறையில் இருக்கிறது. 1960ஆம் ஆண்டின் பழைய வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டத்துக்குப் பதிலாக வந்தது இது. இதன்படி வாடகை ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும்; அதை இச்சட்டப்படி நியமிக்கப்பட்ட வாடகை அதிகாரியிடம் பதிவு செய்து பதிவு எண் பெற வேண்டும். இதற்கென அரசின் இணையதளம் இருக்கிறது. முன்பணம் மூன்று மாத வாடகையைத் தாண்டக்கூடாது என்று சட்டம் சொல்கிறது, ஆனால் ஒப்பந்தத்தில் வேறு விதமாக ஒத்துக்கொண்டிருந்தால் அது செல்லும் என்ற விதிவிலக்கையும் சேர்த்தே சொல்கிறது. அந்த விதிவிலக்கின் வழியாகத்தான் பத்து மாத வழக்கம் இன்னும் உயிரோடு இருக்கிறது. சட்டம் மூன்று மாதம் என்கிறது என்று நீங்கள் சொல்லலாம். நீங்களே கையெழுத்திட்டு அதிகம் கொடுத்த பிறகு சட்டத்தைக் காட்டித் திரும்பக் கேட்பது கடினம். பேச வேண்டிய நேரம் இப்போதுதான்.

உங்கள் உரிமையாளர் ஒப்பந்தம் வேண்டாம் என்பதை ஏற்காதீர்கள். இதைச் சற்று அழுத்தியே எழுதுகிறேன். அவர் நல்ல மனிதராகவே இருக்கலாம். ஆனால் வீடு கைமாறலாம், அவருக்குப் பிறகு பிள்ளைகள் வரலாம். அப்போது நீங்கள் கொடுத்த தொகைக்கு ஒரு துண்டுக் காகிதம்கூடச் சாட்சியாக இருக்காது. முன்பணத்தை வங்கி வழியாகவே செலுத்துங்கள், மாத வாடகையையும் அப்படியே. வாடகைக்கு ரசீது பெறுவது வாடகைதாரரின் உரிமை. பழைய வருமான வரி முறையில் வீட்டு வாடகைப்படிக்கு விலக்குக் கோருபவராக இருந்து, ஆண்டு வாடகை ஒரு லட்சம் ரூபாயைத் தாண்டினால், உரிமையாளரின் பான் எண்ணும் உங்களுக்கு வேண்டியிருக்கும். அதைத் தருவாரா என்று குடிபோகும் முன்பே கேட்டுவிடுங்கள். புதிய வரி முறையில் இந்த விலக்கு இல்லை.

ஒப்பந்தங்களைப் பதினொரு மாதங்களுக்கு எழுதுவது வழக்கமாக இருப்பதற்குக் காரணம், ஓராண்டுக்கு மேற்பட்ட குத்தகையைச் சார்பதிவாளர் அலுவலகத்தில் கட்டாயம் பதிவு செய்ய வேண்டும் என்று 1908ஆம் ஆண்டின் பதிவுச் சட்டம் சொல்வதுதான். பதினொரு மாதமாக இருந்தாலும் வாடகை உயர்வு எத்தனை சதவீதம், காலி செய்ய எத்தனை மாத முன்னறிவிப்பு, எந்தப் பழுதை யார் சரிசெய்வது என்பவை ஒப்பந்தத்தில் இடம்பெற வேண்டும். வீட்டைக் காலி செய்த ஒரு மாதத்துக்குள், நீங்கள் தர வேண்டிய பாக்கி ஏதும் இருந்தால் அதைக் கழித்துக்கொண்டு, உரிமையாளர் முன்பணத்தைத் திருப்பித் தர வேண்டும் என்பது சட்டம். பெயின்ட் செலவுக்கு ஒரு மாத வாடகையைப் பிடிப்பது வெறும் வழக்கம். ஐந்தாண்டுகள் குடியிருந்து சுவரெல்லாம் கறுத்துப்போனால் அதில் ஓரளவு நியாயம் இருக்கிறது. பதினோராம் மாதத்தில் காலி செய்பவரிடம் அதே தொகையைக் கேட்பதில் நியாயம் இல்லை. இரண்டு ஆண்டுகளுக்குள் காலி செய்தால் பெயின்ட் பிடித்தம் இல்லை என்று எழுதித் தரும்படி கேளுங்கள், பலர் ஒத்துக்கொள்வார்கள். குடிபுகும் நாளில், பொருள்களை உள்ளே வைப்பதற்கு முன், சுவர், கதவு, சமையல் மேடை, கழிவறை ஆகியவற்றைப் படமெடுத்து உரிமையாளரின் வாட்ஸ்அப்புக்கு அனுப்பிவிடுங்கள். தேதியோடு இருக்கும் அந்தப் படங்கள் பின்னாளில் பல வாக்குவாதங்களைத் தொடங்கும் முன்பே முடித்துவிடும்.

எந்தத் தகராறானாலும் தண்ணீரையோ மின்சாரத்தையோ நிறுத்தி வாடகைதாரரை வெளியேற்ற முயல்வதை இச்சட்டம் தடை செய்கிறது. அப்படி நடந்தால் வாடகை அதிகாரியிடம் முறையிடலாம். வீட்டுக்குள் வந்து பார்க்க வேண்டுமென்றாலும் உரிமையாளர் 24 மணி நேரத்துக்கு முன்பே எழுத்தில் தெரிவிக்க வேண்டும்.

கேள்வி: மாத வாடகையே கொடுக்க வேண்டாம், எட்டு லட்சம் ரூபாய் கொடுத்தால் இரண்டு ஆண்டுகள் லீஸுக்கு இருக்கலாம், முடிவில் முழுப் பணமும் திரும்பக் கிடைக்கும் என்று கொளத்தூரில் ஒரு வீட்டைக் காட்டுகிறார்கள். வாடகைக்கு விட்டால் அது 12,000 ரூபாய் பெறும் வீடு. ஓய்வூதியப் பணத்திலிருந்து கொடுக்கலாமா?
வாசகர், கும்பகோணம்

பதில்: நம் ஊர்ப்பக்கம் போக்கியம் என்று சொல்லும் முறைதான் சென்னையில் லீஸ் என்ற பெயரில் நடக்கிறது. உங்கள் பக்கத்துக் கணக்கு கவர்ச்சியாகவே இருக்கும்: எட்டு லட்சத்தை 7 சதவீத வட்டிக்கு வங்கியில் போட்டால் ஆண்டுக்கு 56,000 ரூபாய், வாடகை மிச்சமோ 1,44,000 ரூபாய். இதே கணக்கை உரிமையாளரின் பக்கத்திலிருந்து பாருங்கள். எட்டு லட்சத்துக்காக ஆண்டுக்கு 1,44,000 ரூபாயை அவர் விட்டுக்கொடுக்கிறார், அதாவது 18 சதவீத வட்டிக்குக் கடன் வாங்குகிறார். சொந்த வீட்டை வைத்திருக்கும் ஒருவர் வங்கியை விட்டுவிட்டு 18 சதவீதத்துக்கு உங்களிடம் ஏன் வர வேண்டும்? பெரும்பாலும், வங்கியில் வாங்க வேண்டியதை அவர் ஏற்கெனவே வாங்கிவிட்டார் என்பதே விடையாக இருக்கும்.

வங்கிக் கடனுக்கு ஈடாக வைத்த வீட்டை, அந்த வங்கியின் எழுத்துப்பூர்வமான ஒப்புதல் இல்லாமல் பிறகு உங்களுக்கு லீஸுக்கு விட்டால், அந்த ஏற்பாடு வங்கியைப் பெரும்பாலும் கட்டுப்படுத்தாது. தவணை கட்டாமல் விட்டால் 2002ஆம் ஆண்டின் சர்ஃபேசி சட்டத்தின்கீழ் வங்கி வீட்டைக் கையகப்படுத்த வரும்; நீங்கள் எட்டு லட்சத்துக்கு உரிமையாளரைத் துரத்திக்கொண்டிருப்பீர்கள். இன்னொரு மோசடியும் சென்னையில் நடந்திருக்கிறது. யாரோ ஒருவர் வீட்டை உரிமையாளரிடமிருந்து மாத வாடகைக்கு எடுத்து, தன்னை முகவர் என்று சொல்லிக்கொண்டு, உங்களைப் போன்றவரிடம் லட்சக்கணக்கில் வாங்கி லீஸுக்கு விடுவார். சில மாதங்கள் உரிமையாளருக்கு வாடகை போகும், பிறகு ஆளைக் காணாது. பணத்தைப் பறிகொடுத்த குடும்பமும் வாடகை வராத உரிமையாளரும் ஒரே வீட்டுக்காக எதிரெதிரே நிற்பார்கள்.

ஓய்வூதியப் பணம் என்று எழுதியிருக்கிறீர்கள். என்னைக் கேட்டால் வேண்டாம் என்பேன். இருந்தும் செய்வதானால், பதிவுத்துறையின் இணையதளத்தில் அந்தச் சொத்தின் வில்லங்க விவரத்தை, அதாவது அதன்மீது பதிவாகியிருக்கும் விற்பனை, கடன் முதலியவற்றின் பட்டியலை, கட்டணமின்றிப் பார்க்கலாம். பத்திரத்தை ஒப்படைத்துப் பெற்ற வங்கிக் கடன் பதிவாகியிருந்தால் அதில் தெரியும். சொத்துவரி ரசீதிலும் மின் இணைப்பிலும் வில்லங்கச் சான்றிலும் ஒரே பெயர் இருக்கிறதா என்று பாருங்கள். உரிமையாளரை நேரில் சந்தியுங்கள். பணம் அவருடைய வங்கிக் கணக்குக்கே போக வேண்டும், இடையில் நிற்கும் எவருடைய கணக்குக்கும் போகக்கூடாது. இரண்டு ஆண்டுகள் என்பதால் ஒப்பந்தத்தைச் சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிவு செய்தே ஆக வேண்டும். பதிவுச் செலவு எதற்கு, வெள்ளைத்தாளில் எழுதிக்கொள்ளலாம் என்று அவர் சொன்னால் அந்த இடத்திலேயே எழுந்து வந்துவிடுங்கள்.

கேள்வி: நாங்கள் மூன்று பெண்கள், தரமணியில் வேலை. சேர்ந்து வீடு எடுத்தால் விடுதியைவிடச் செலவு குறையும் என்று நினைக்கிறோம். ஆனால் குடும்பத்துக்கு மட்டும் என்கிறார்கள், அல்லது இரவு பத்து மணிக்குமேல் வரக்கூடாது என்கிறார்கள்.
வாசகி, தேனி

பதில்: உங்கள் கோபம் நியாயமானது. மாதச் சம்பளமும் ஒழுங்கான வாழ்க்கையும் உள்ள மூன்று பேரைக் குடும்பம் இல்லை என்று திருப்பி அனுப்புவதற்கு நல்ல காரணம் எதுவும் எனக்குத் தெரியவில்லை. உரிமையாளர் வேறு ஊரிலோ வேறு பகுதியிலோ இருக்கும் அடுக்குமாடி வீடுகளில் இந்தத் தடை குறைவாக இருக்கும். உங்களுக்குக் கடற்கரையிலிருந்து வேளச்சேரிக்கு மேம்பாலப் பாதையில் ஓடும் பறக்கும் ரயில் துணை. தரமணி நிலையம் அதில் இருப்பதால், ஐ.டி. நிறுவனங்களைச் சுற்றியே தேடாமல் மந்தைவெளி, மயிலாப்பூர் பக்கத்தில் பழைய அடுக்குமாடி வீடுகளையும் பாருங்கள். அங்கே கட்டடம் பழையதாக இருக்கும், லிஃப்ட் இருக்காது, ஆனால் மூன்று பேர் பகிர்ந்துகொள்ளும்போது வாடகை தாங்கும். மாநகரச் சாதாரணக் கட்டணப் பேருந்துகளில் பெண்களுக்கு 2021 மே முதல் பயணம் இலவசம் என்பதையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

ஒப்பந்தத்தில் மூவரின் பெயரும் இருக்கட்டும். ஒருவர் பெயரில் மட்டும் இருந்தால், அவர் வேலை மாறிப் போகும்போது மற்ற இருவருக்கும் அந்த வீட்டில் நிற்க இடம் இருக்காது. முன்பணத்தில் யார் எவ்வளவு கொடுத்தார், நடுவில் ஒருவர் விலகினால் அவர் பங்கை எப்போது, யார் தருவது என்பதை உங்களுக்குள்ளேயே ஒரு தாளில் எழுதிக் கையெழுத்திட்டுக்கொள்ளுங்கள். தோழிகளுக்குள் இது எதற்கு என்று தயங்க வேண்டாம். பணத்தைப் பற்றி எழுதி வைத்தவர்களின் நட்பு பெரும்பாலும் நீடிக்கிறது.

வீடு கிடைக்கும் வரை விடுதியில் தங்குவதாக இருந்தால், தமிழ்நாடு அரசின் 'தோழி' பணிபுரியும் மகளிர் விடுதிகளை முதலில் விசாரியுங்கள். தாம்பரத்திலும் கூடுவாஞ்சேரியிலும் அவை இருக்கின்றன. தனியார் விடுதியானால், பெண்கள் விடுதிகளுக்கான 2014ஆம் ஆண்டின் தமிழ்நாடு சட்டப்படி உரிமம் பெற்றிருக்கிறதா என்று கேட்டு, அதைக் கண்ணால் பார்த்த பிறகு பணம் கட்டுங்கள்.

கேள்வி: தொலைபேசியில் வீடு காலி என்கிறார்கள். என் பெயரைச் சொன்னதும், நேற்றுத்தான் ஒருவர் முன்பணம் கொடுத்தார் என்கிறார்கள். இது பலமுறை நடந்துவிட்டது. இதற்குச் சட்டத்தில் வழி இல்லையா?
வாசகர், வாணியம்பாடி

பதில்: தனிநபர் ஒருவர் தம் வீட்டை மதம் பார்த்து மறுப்பதை நேரடியாகத் தடுக்கும் தனிச் சட்டம் இங்கே இல்லை. 2017ஆம் ஆண்டின் சட்டம்கூட வீட்டுக்குள் குடிவந்த பிறகுதான் பேசுகிறது, வாசலில் நிறுத்தப்படுபவரைப் பற்றிப் பேசவில்லை. இது சட்டத்தின் குறை, சமூகத்தின் குறை, உங்கள் குறை அல்ல. நடைமுறையில், அலுவலக நண்பர்களின் குடியிருப்புகளில், அவர்களுடைய அறிமுகத்தோடு கேட்பது ஓரளவு பலன் தருகிறது. முன்பின் தெரியாதவரிடம் கதவைச் சாத்துபவர்களில் சிலர், தெரிந்தவர் ஒருவர் உடன் வந்தால் திறக்கிறார்கள். பெயரையும் குடும்ப விவரத்தையும் முதல் அழைப்பிலேயே சொல்லிவிடுவது மனத்துக்குக் கடினம்தான், ஆனால் விடுப்பு எடுத்து வந்து வாசலில் அவமானப்படுவது மிச்சமாகும். அறை வாடகைக்கு விடும் வாசகர்கள் இந்தப் பக்கத்தைப் படிக்கிறீர்கள் என்று எனக்குத் தெரியும். வாடகையை ஒழுங்காகத் தருவாரா, வீட்டை நன்றாக வைத்துக்கொள்வாரா என்ற இரண்டு கேள்விகளுக்கு மேல் கேட்க உங்களுக்கு என்ன தேவை இருக்கிறது என்று எண்ணிப் பாருங்கள்.

கேள்வி: இணையத்தில் பார்த்த வீட்டுக்கு, வேறு மாநிலத்தில் பணிபுரியும் ராணுவ அதிகாரி என்று ஒருவர் பேசுகிறார். வீட்டைப் பார்க்க நுழைவுச்சீட்டுக்கு 3,000 ரூபாய் அனுப்ப வேண்டுமாம், பிறகு திருப்பித் தருவாராம்.
வாசகி, நாமக்கல்

பதில்: அனுப்பாதீர்கள். வீட்டைப் பார்ப்பதற்கு முன்னால் பணம் கேட்பவர் எந்தச் சீருடையின் பெயரைச் சொன்னாலும் அது மோசடி. பணத்தைத் திருப்பித் தருகிறேன், இந்தக் க்யூஆர் குறியீட்டை ஸ்கேன் செய்யுங்கள் என்பது இதன் அடுத்த கட்டம். பணம் வாங்குவதற்கு ஸ்கேன் செய்யவோ ரகசிய எண்ணை இடவோ வேண்டியதே இல்லை. ஏற்கெனவே அனுப்பியிருந்தால் உடனே 1930 என்ற எண்ணை அழைத்துப் புகார் கொடுங்கள். தாமதிக்கும் ஒவ்வொரு மணி நேரமும் பணம் வேறு கணக்குகளுக்கு நகர்ந்துகொண்டே இருக்கும்.

கேள்வி: வீட்டுக்காரர் மின்சாரத்துக்கு யூனிட் ஒன்றுக்குப் பத்து ரூபாய் கேட்கிறார். மாதம் 100 யூனிட் இலவசம் என்கிறார்களே?
வாசகர், விருதுநகர்

பதில்: இலவசம் என்பது மாதத்துக்கு இல்லை, இரண்டு மாதங்களுக்கு 100 யூனிட், அதுவும் ஒரு வீட்டு மின் இணைப்புக்கு, ஒரு குடும்பத்துக்கு அல்ல. நான்கு போர்ஷன்களுக்கு ஒரே இணைப்பை வைத்து உள் மீட்டர் பொருத்தியிருந்தால் அந்த 100 யூனிட்டும் நான்கு குடும்பங்களுக்குப் பொது. அதைவிட முக்கியமானது, நான்கு குடும்பங்களின் பயன்பாடும் ஒரே கணக்கில் சேர்ந்து, இரண்டு மாதத்தில் 500 யூனிட்டைத் தாண்டிவிடும். தாண்டினால் குறைந்த பயன்பாட்டுக்குரிய சலுகை விகிதங்களும் போய்விடும். உங்கள் குடும்பம் சிக்கனமாகவே இருந்தாலும் பக்கத்துப் போர்ஷனின் ஏ.சி. உங்கள் விகிதத்தையும் உயர்த்துகிறது. ஆகவே பத்து ரூபாய் கேட்கும் எல்லோரும் கொள்ளையடிக்கிறார்கள் என்று சொல்லிவிட முடியாது, எல்லோரும் நேர்மையானவர்கள் என்றும் சொல்ல முடியாது. தனி இணைப்பு உள்ள வீட்டுக்கு 500 ரூபாய் கூடுதல் வாடகை கொடுத்தாலும், கோடையில் ஏ.சி. போடும் குடும்பத்துக்கு அது பெரும்பாலும் லாபமாகவே முடியும். ஒரே இணைப்புதான் என்றால், ஒவ்வொரு முறையும் மின்வாரியத்தின் பில்லைக் காட்டி, மொத்தத் தொகையை மொத்த யூனிட்டால் வகுத்து வரும் விகிதத்தை மட்டும் வாங்குவேன் என்று ஒப்பந்தத்திலேயே எழுதித் தரச் சொல்லுங்கள்.